ஜி.பி.எஸ். சொல்லும் எண்களை ஒரு சில்லு எப்படி வாசிக்கிறது? திருகோணமலைக் கடலிலிருந்து ஒரு விளக்கம்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் படகு ஒன்று கரை திரும்ப வாரக் கணக்கில் ஆகலாம். அந்த நாட்களில் அது எங்கே நின்றது என்பதைச் சொல்ல இருப்பவை சில எண்கள் மட்டுமே. வேறொரு நாட்டின் கடற்பரப்புக்குள் நுழைந்ததா, இயந்திரம் நின்று நீரோட்டத்தில் இழுபட்டதா, தேடிப் போகும் படகு எந்தத் திசையில் போக வேண்டும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்த எண்களில்தான் இருக்கிறது.

முன்பு இந்த எண்கள் தேவைப்படவில்லை. திருக்கடலூர், சல்லி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர் என்று இந்தக் கரையெங்கும் தொழில் செய்தவர்கள் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்துத் தங்கள் இடத்தை அறிந்தார்கள். கோணேசர் மலை அப்படியொரு அடையாளம். இரவில் நட்சத்திரம் இருந்தது. யுத்த காலத்தில் கடலுக்குப் போகும் நேரம், போகும் தூரம், பூட்டும் இயந்திரத்தின் வலு என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தபோது, கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்குப் போவதே பலருக்கு நின்றுபோனது. மீண்டும் ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கியபோது கையில் ஜி.பி.எஸ். கருவி வந்திருந்தது.

ஆள்கூறு என்ற சொல் எங்கள் மக்களுக்குக் கடலில் மட்டும் அறிமுகமானதல்ல. 2009இல் வன்னியில் இருந்த வைத்தியசாலைகளின் அமைவிடங்கள் அரசாங்கத்துக்கு நன்கு தெரிந்திருந்தும் அவை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகின என்று, 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்தது. ஓர் இடத்தின் எண் தெரிந்திருப்பது யாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் அந்த எண் சரியாகப் பதிவாகியிருப்பது பின்னாளில் கேள்வி கேட்கப் பயன்படும். ஆகவே அந்த எண் எப்படி உருவாகிறது, எங்கே பிழைக்கலாம் என்பதை அறிந்து வைத்திருப்பது பொறியியலாளர்களுக்கு மட்டும் உரிய விடயமாக இருக்க முடியாது.

கடற்றொழிலில் இந்த எண்களின் பெறுமதி 2015இல் எல்லோருக்கும் தெரிய வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் இலங்கை மீன் இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கப் போதிய ஒழுங்கு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பலநாள் படகுகளில் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூனில் தடை நீங்கியது. இன்று அந்தப் படகுகளின் இருப்பிடம் கரையிலிருந்து பார்க்கப்படுகிறது. படகுக்காரர் தன் பக்கத்து எண்களையும் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால்தான், கரையில் உள்ளவர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பேச முடியும்.

ஒரு வரியில் என்ன இருக்கிறது?

ஜி.பி.எஸ். செய்மதிகள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையைப் பிடித்து, அவை வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தன் இடத்தைக் கணிக்கிறது. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அதனால் அக்காலத்துக் கருவிகள் 100 மீற்றர் அளவுக்குத் தவறலாம். இன்று திறந்த கடலில் சில மீற்றர்களுக்குள் சரியாகச் சொல்கின்றன.

கணித்த விடையைக் கருவி தன் திரையில் காட்டுவதோடு நிற்பதில்லை. வரைபடக் கருவி, மீன் தேடும் கருவி, தொடர்பாடல் கருவி போன்றவற்றுக்கும் ஒரு கம்பி வழியே அனுப்புகிறது. இதற்கு உலகெங்கும் ஒரே மொழி பயன்படுகிறது. அமெரிக்காவின் தேசிய கடல்சார் இலத்திரனியல் சங்கம் 1983இல் வெளியிட்ட என்.எம்.ஈ.ஏ. 0183 என்ற நியமம் அது. தயாரிக்கும் நிறுவனம் எதுவானாலும் பெரும்பாலான கருவிகள் இந்த மொழியைப் பேசும்.

அந்த மொழியின் ஒரு வசனத்தை உதாரணமாகப் பார்ப்போம். உண்மையில் ஆங்கில எழுத்துகளில் வருவதை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம்:

$ஜிபிஆர்எம்சி,003000,ஏ,0835.000,என்,08116.000,ஈ,004.0,090.0,150124,,*10

டொலர் குறி வசனத்தின் தொடக்கம். "ஜிபி" என்றால் பேசுவது ஜி.பி.எஸ். "ஆர்எம்சி" என்பது வசனத்தின் வகை. ஒரு படகுக்குக் குறைந்தபட்சம் வேண்டியவை இந்த வகையில் இருக்கும். அடுத்து வரும் 003000 சர்வதேச நேரம், அதாவது நள்ளிரவு கடந்து 30 நிமிடம். அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் இலங்கையில் காலை 6 மணி. "ஏ" என்றால் கணிப்பு செல்லுபடியானது. பின்னர் அகலாங்கு, வடக்கு, நெட்டாங்கு, கிழக்கு. வேகம் 4 நொட். போகும் திசை 90 பாகை, நேர்கிழக்கு. திகதி 2024 ஜனவரி 15, அந்த ஆண்டின் தைப்பொங்கல் நாள். உடுக்குறிக்குப் பின்னால் வரும் 10 ஒரு சரிபார்ப்பு எண். கோணேசர் மலைக்குக் கிழக்கே ஓரிரு கிலோமீற்றர் தள்கிக் கடலில் போகும் படகு இப்படித்தான் பேசும்.

கம்பியில் வருவது எப்படி?

கம்பியில் எழுத்துகள் வருவதில்லை. மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் வருகிறது. நியமத்தின் வழமையான வேகம் செக்கனுக்கு 4800 பிற். ஒரு பிற் நீடிக்கும் நேரம் சுமார் 208 மைக்ரோசெக்கன். பேச்சு இல்லாதபோது கம்பி உயர் நிலையில் இருக்கும். அது தாழ்ந்தால் ஒரு எழுத்து தொடங்குகிறது என்று பொருள். அந்தத் தொடக்கப் பிற்றுக்குப் பின் எட்டுப் பிற்றுகள், பிறகு நிறுத்தப் பிற். ஆக ஒரு எழுத்துக்குப் பத்துப் பிற்றுகள், ஒரு செக்கனுக்கு 480 எழுத்துகள். ஒரு வசனம் அதிகபட்சம் 82 எழுத்துகள் கொண்டது.

இதை வாசிக்க ஒரு சாதாரண நுண்செயலி போதும். ஆனால் நுண்செயலி கச்சேரியில் இருக்கும் ஒரே இலிகிதரைப் போன்றது. ஒரு வேலையை விட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார். ஜி.பி.எஸ்., திசைகாட்டி, ஆழமானி, கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி என்று பல கம்பிகள் ஒரே நேரத்தில் பேசும்போது ஒன்றைக் கவனிக்கையில் இன்னொன்றைத் தவறவிடலாம். ஏ.ஐ.எஸ். செக்கனுக்கு 38,400 பிற் வேகத்தில் பேசுவது.

எப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு வேறு வகை. அதற்குள் ஆயிரக்கணக்கான சிறிய தர்க்கக் கூறுகள் எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் இருக்கும். அவற்றை எப்படி இணைப்பது என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம். விரும்பினால் அழித்து வேறு விதமாக இணைக்கலாம். இந்த வகையின் முதல் சில்லை சைலிங்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டது. அதில் 64 தர்க்கக் கூறுகளே இருந்தன. இன்று ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி இலிகிதரை அதற்குள் உட்கார வைக்கலாம். ஒருவர் வேலை மற்றவரைத் தாமதப்படுத்தாது.

வாசிக்கும் சுற்று

செக்கனுக்கு 1 கோடியே 20 இலட்சம் முறை துடிக்கும் கடிகாரம் ஒரு எப்.பி.ஜி.ஏ. பலகையில் இருப்பதாகக் கொள்வோம். அதை 4800ஆல் வகுத்தால் 2500. அதாவது ஒரு பிற்றுக்கு 2500 துடிப்புகள். கம்பி தாழ்ந்ததும் சுற்று 1250 வரை எண்ணுகிறது. அது தொடக்கப் பிற்றின் நடுப்பகுதி. அப்போதும் கம்பி தாழ்வாகவே இருந்தால் அது உண்மையான தொடக்கம். இல்லையென்றால் இரைச்சல், விட்டுவிடலாம். அதன்பின் 2500க்கு ஒருமுறை கம்பியைப் பார்த்து எட்டுப் பிற்றுகளையும் சேர்க்கிறது. விளிம்பில் பார்க்காமல் நடுவில் பார்ப்பதால் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் சற்று வேறுபட்டாலும் எழுத்து பிழைக்காது.

அடுத்த சுற்று எழுத்துகளை வசனமாக வாசிக்கிறது. இது தான் நிற்கும் படியை நினைவில் வைத்துக்கொண்டு, வரும் எழுத்தைப் பொறுத்து அடுத்த படிக்குப் போகும் அமைப்பு. டொலர் குறி வரும்வரை காத்திருக்கும். பிறகு வகையைப் பார்க்கும். பிறகு கமாக்களை எண்ணும். மூன்றாவது கமாவுக்குப் பின் அகலாங்கு, ஐந்தாவதுக்குப் பின் நெட்டாங்கு. இங்கே எழுத்துகளை எண்ணி இடம் பிடிக்க முயன்றால் தவறிவிடும். சில கருவிகள் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் தரும், சில ஐந்து தரும். செய்மதி கிடைக்காதபோது புலங்கள் வெறுமையாகவும் வரும். கமா மட்டுமே மாறாத எல்லைக்கல்.

முதல் இரண்டு எழுத்துகளிலும் கவனம் வேண்டும். பழைய கருவிகள் "ஜிபி" என்று தொடங்கும். பல நாடுகளின் செய்மதிகளைச் சேர்த்துக் கணிக்கும் புதிய கருவிகள் "ஜிஎன்" என்று தொடங்கும். "ஜிபி" மட்டுமே தேடும் சுற்று, புதிய கருவியை இணைத்ததும் ஒன்றும் வராதது போல ஊமையாக நிற்கும். கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் ஒப்பிடுவது பாதுகாப்பானது.

சரிபார்ப்பு எண்

படகில் கம்பி உப்பில் அரிக்கும். இயந்திரத்தின் மின்பொறி இரைச்சல் தரும். அருகில் வி.எச்.எப். கருவியில் பேசினாலும் இரைச்சல் புகலாம். ஒரு பிற் புரண்டால் போதும், ஒரு இலக்கம் மாறிவிடும்.

அதைப் பிடிக்கத்தான் வசனத்தின் முடிவில் சரிபார்ப்பு எண் இருக்கிறது. டொலர் குறிக்கும் உடுக்குறிக்கும் இடையில் உள்ள எழுத்துகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எக்ஸ்-ஓர் செய்து வரும் விடை அது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கும் அதே எக்ஸ்-ஓர் படலைதான்: இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. எப்.பி.ஜி.ஏ.யில் இதற்கு எட்டு எக்ஸ்-ஓர் படலைகளும், விடையை வைத்திருக்க எட்டுப் பிற் நினைவகமும் போதும்.

மேலே தந்த வசனத்தில் அகலாங்கு 0835. அதன் கடைசி இலக்கமான 5இன் துவித வடிவம் 00110101. அதில் ஒரு பிற் புரண்டு 00110001 ஆனால், அது 1 என்ற இலக்கம். படகு 0831இல் இருப்பதாகத் தெரியும். வித்தியாசம் 4 கடல் மைல், ஏழு கிலோமீற்றருக்கு மேல். ஆனால் சுற்று தானே கூட்டிப் பார்க்கும்போது 10க்குப் பதிலாக 14 வரும். வசனம் சொன்ன எண்ணோடு பொருந்தாததால் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே நல்ல சுற்று எண்களை வந்தவுடனேயே வெளியே காட்டாது. தற்காலிகமாக ஒரு பக்கம் வைத்திருந்து, சரிபார்ப்பு எண் பொருந்திய பின்னரே எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியிடும். இல்லாவிட்டால் பழைய அகலாங்கும் புதிய நெட்டாங்கும் கலந்த, எவரும் நிற்காத ஓர் இடம் திரையில் வரும்.

28 கிலோமீற்றர் பிழை

கம்பியில் ஒரு பிழையும் இல்லாமலே படகைத் தரையில் ஏற்றிவிடும் தவறு ஒன்று உண்டு. 0835.000 என்பது 8.35 பாகை இல்லை. 8 பாகையும் 35 கலையும். பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. கடலோடிகள் இதை மினிட் என்பார்கள். 35 கலையை 60ஆல் வகுத்து 8உடன் கூட்டினால் 8.5833 பாகை. அதேபோல 08116.000 என்பது 81.2667 பாகை.

இதைக் கவனிக்காமல் 8.35, 81.16 என்று வாசித்தால், கோணேசர் மலைக்குக் கிழக்கே கடலில் இருக்கும் படகு சுமார் 28 கிலோமீற்றர் தென்மேற்கே, கந்தளாய்க்கும் சேருவிலைக்கும் இடையில் தரையில் நிற்கும். தரையில் விழுவதால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கலாம். ஆழ்கடலில் இதே தவறு நடந்தால் இரண்டு இடங்களும் கடல்தான். தேடிப் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

எப்.பி.ஜி.ஏ.யில் இதற்கு எளிய வழி, எல்லாவற்றையும் கலைகளாக்கி முழு எண்ணாக வைப்பது. 8ஐ 60ஆல் பெருக்கி 35ஐக் கூட்டினால் 515 கலை. கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்தால் 515000. நெட்டாங்கு 4876000. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். ஆகவே அந்த அலகு இரண்டு மீற்றரிலும் குறைவு. தசமப் புள்ளி இல்லாமலே படகுக்குப் போதிய துல்லியம் கிடைத்துவிடுகிறது.

சாட்சியின் எல்லை

சரிபார்ப்பு எண் பொருந்தினால் சொல்லப்படுவது உண்மை என்று ஆகிவிடாது. செய்தி வழியில் சிதையவில்லை என்பதை மட்டுமே அது உறுதிப்படுத்துகிறது. கருவியே தவறாகக் கணித்திருந்தால் அந்தத் தவறும் சரியான சரிபார்ப்பு எண்ணோடுதான் வரும்.

முதலாவது, "ஏ" இருக்க வேண்டிய இடத்தில் "வி" வந்தால் கணிப்பு செல்லாது. சில கருவிகள் செய்மதியை இழந்த பின்னும் கடைசியாகத் தெரிந்த இடத்தை "வி"யுடன் திரும்பத் திரும்ப அனுப்பும். அந்த எழுத்தைப் பார்க்காத சுற்று, நீரோட்டத்தில் போய்க்கொண்டிருக்கும் படகு ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டும்.

இரண்டாவது திகதி. ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை மட்டுமே எண்ணிப் பின் பூச்சியத்துக்குத் திரும்பும். அண்மையில் இப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதைக் கையாளத் தெரியாத பழைய கருவிகள் இருபது வருடங்களுக்குச் சற்றுக் குறைந்த பழைய திகதியைக் காட்டின. இடம் சரி, சரிபார்ப்பு எண்ணும் சரி, நாள் மட்டும் தவறு. பதிவை ஆதாரமாகக் காட்ட வேண்டி வந்தால் இது சிறிய பிரச்சினை அல்ல.

மூன்றாவது, பொய்ச் சமிக்ஞை. 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்கள் பலவற்றின் கருவிகள், தரையில் உள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. யாரோ பலமான போலிச் சமிக்ஞையை அனுப்பினால் கருவி நம்பிவிடும்.

நான்காவது மனிதத் தவறு. 0835ஐ 0853 என்று இலக்கம் மாற்றிச் சொன்னால் 18 கடல் மைல் தவறும். எக்ஸ்-ஓர் கணக்கில் வரிசைக்கு இடமில்லை என்பதால், எழுத்து மாற்றி எழுதப்பட்டாலும் விடை அதேதான் வரும். வாயால் சொல்லும்போது சரிபார்ப்பு எண்ணே கிடையாது. கேட்டவர் திருப்பிச் சொல்லிக் காட்டுவதுதான் அங்கே சரிபார்ப்பு.

எங்கே தொடங்கலாம்?

இதைக் கற்க ஆய்வுகூடம் கட்டாயமில்லை. எப்.பி.ஜி.ஏ.க்கான வெரிலொக் மொழியில் எழுதியதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஐக்காரஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 வகைச் சில்லுகளுக்கு 2015 முதல் திறந்த மூலக் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் மேலே தந்த வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, சரிபார்ப்பு எண் 10 வருகிறதா என்று தாளிலேயே செய்து பார்க்கலாம். பிறகு ஒரு இலக்கத்தை மாற்றி, சுற்று அதை நிராகரிக்கிறதா என்று பார்க்கலாம். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல செயற்றிட்டம். பரிசோதிக்கக் கடலும் தேவையை எடுத்துச் சொல்லும் தொழிலாளர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. கருவி பாகை-கலை முறையில் காட்டுகிறதா, தசமப் பாகையில் காட்டுகிறதா என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். கைத்தொலைபேசி பெரும்பாலும் தசமத்தில் காட்டும். செய்மதி கிடைத்திருக்கிறது என்ற அடையாளம் இல்லாதபோது எண்ணை நம்ப வேண்டாம். இடத்தைக் குறிக்கும்போது நேரத்தையும் திகதியையும் சேர்த்து எழுதுங்கள் அல்லது திரையைப் படம் எடுத்து வையுங்கள். உதவி கேட்கும்போது இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்ப்பக்கம் திருப்பிச் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள்.